பாம்புக்கு மருந்து போட்டும் மைட் ஏன் திரும்பி வருகிறது?

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. கையில் எடுத்தால் மிளகை இடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், அதுவும் ஊர்கின்றன. அவைதான் மைட், பாம்பின் இரத்தம் குடிக்கும் மிகச் சின்ன ஒட்டுண்ணி. ஸ்ப்ரே வாங்கி அடித்ததும் புள்ளிகள் காணாமல் போகின்றன, வீட்டில் நிம்மதி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே புள்ளிகள். உடனே ஒருவர் மருந்து போலி என்கிறார், இன்னொருவர் மைட்டுக்கு மருந்து பழகிவிட்டது என்கிறார், மூன்றாமவர் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். பெரும்பாலான நேரம் மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். பாம்பின் உடம்பில் இருந்தவை மொத்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான், மீதி அத்தனையும் பெட்டியில் இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சட்டம் பற்றி ஒரு வரி. மலைப்பாம்பு, நாகம், சாரை போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் போன்ற அனுமதி பெற்ற இடங்கள்தான் அவற்றை வைத்திருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (பந்துபோலச் சுருளும் சின்ன மலைப்பாம்பு) போன்ற வெளிநாட்டு இனங்கள், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பைக்குள் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற குட்டிகளிலும் இந்த இனம் உண்டு. அதனால் கீழே வருவதை பால் பைத்தானை மனத்தில் வைத்துப் படியுங்கள். மைட் பாம்பின் இனம் பார்ப்பதில்லை.

மைட் எது, எது இல்லை

பாம்பு மைட்டின் அறிவியல் பெயர் ஓபியோனிசஸ் நாட்ரிசிஸ். 1844இல் ஜெர்வே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்தது. பெயரின் முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் ஏறக்குறைய ‘பாம்பைக் குத்துவது’ என்று பொருள் வரும். பூச்சி இல்லை, எட்டுக்கால் வகை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. அடைகாக்கும் கோழியைத் தூக்கினால் கையெல்லாம் ஏறுமே செள்ளு, அந்தக் கோழிச் செள்ளு வகைகளில் சில இதே குடும்பம். கோழிக் கூடு வைத்திருந்தவர்களுக்குப் பாதி விஷயம் இப்போதே புரிந்திருக்கும், ஏனென்றால் அங்கேயும் கோழியை மட்டும் கழுவி யாரும் செள்ளை ஒழித்ததில்லை, கூண்டைத்தான் கொளுத்துவார்கள்.

குழப்பிக்கொள்ள மூன்று இருக்கின்றன.

1. உண்ணி. மைட்டைவிடப் பல மடங்கு பெரியது, செதிலுக்கு இடையில் தலையைச் செருகி அப்படியே அசையாமல் இருக்கும். காட்டிலிருந்து பிடிபட்ட பாம்பு, உடும்புகளில் சகஜம். எண்ணி எடுத்துவிடலாம்.

2. மண் மைட். தேங்காய்நார்த் தூள், மரத்தூள் போட்ட ஈரமான பெட்டியில் தானாக வரும். வெளிறிய நிறம், மெதுவான நடை, அழுகுகிற பொருளைத் தின்னும், பாம்பைத் தொடாது.

3. துள்ளுகிற வெள்ளைப் பூச்சிகள். ஸ்பிரிங்டெயில் என்று சிலர் வேண்டுமென்றே வளர்ப்பது. கெடுதல் இல்லை.

இரத்தம் குடித்த பெண் பாம்பு மைட் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், கறுப்பாக உப்பியிருக்கும். வெள்ளை டிஷ்யூ தாளில் வைத்து நசுக்கினால் சிவப்புக் கறை வரும். சந்தேகம் தீர இது போதும்.

பதினைந்து நாள் வாழ்க்கை

சிகிச்சையின் தர்க்கம் முழுக்க இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, தாண்டிப் போகாதீர்கள். இதில் பெரும் பங்கு 1953இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின் உட்கார்ந்து பார்த்து எழுதியது. இன்றைக்கும் அதைத்தான் எல்லோரும் புரட்டுகிறார்கள்.

1. முட்டை. பெண் மைட் பாம்பைவிட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள பிளவாகப் பார்த்து முட்டையிடும். பெட்டியின் மூலை, மரக்கட்டையின் வெடிப்பு, ஆணி ஓட்டை, மூடியின் விளிம்பு எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். வெப்பமான பெட்டியில் ஒன்றரை நாளிலிருந்து நான்கு நாளுக்குள் பொரியும்.

2. ஆறுகால் குஞ்சு. எதையும் தின்னாது. ஓரிரு நாளில் தோலுரித்து அடுத்த நிலைக்குப் போகும்.

3. முதல் இளநிலை. எட்டுக் கால், அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பசி மட்டும் நிறைய. இது பாம்பைத் தேடி ஏறி இரத்தம் குடித்தே ஆக வேண்டும். பாம்பு கிடைக்காவிட்டால் உடனே சாகாது, இரண்டு வாரத்துக்கு மேலும் பட்டினி தாங்கும்.

4. இரண்டாம் இளநிலை. மறுபடியும் விரதம். பாம்பைவிட்டு இறங்கி ஒளிந்து, ஏறக்குறைய ஒரு நாளில் முழு மைட்டாகும்.

5. முழு மைட். ஏறும், குடிக்கும், இறங்கும், முட்டையிடும், மறுபடி ஏறும். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். ஆண் இல்லாவிட்டாலும் முட்டையிடும், அந்த முட்டைகளிலிருந்து ஆண்களே வரும். ஆக ஒரே ஒரு பெண் வீட்டுக்குள் வந்தாலே குடும்பம் தொடங்கிவிடலாம்.

முட்டையிலிருந்து முழு மைட் ஆவதற்கு, எல்லாம் தோதாக அமைந்தால் ஒரு வாரம், சாதாரணமாக இரண்டு வாரம். இப்போது கணக்குப் போடுங்கள். 60 முட்டையில் பாதி பெண் என்றால் 30. அந்த 30உம் தலைக்கு 60 இட்டால் 1800. எல்லாம் பிழைக்கப் போவதில்லை, ஆனால் ஒன்றிரண்டு புள்ளி பார்த்த மாதத்துக்கு அடுத்த மாதம் பாம்பு மேல் கரித்தூள் கொட்டியதுபோல ஏன் இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்து நிலைகளில் இரண்டுதான் பாம்பின் மேல் வேலை உள்ளவை. மீதி மூன்றும் பெட்டியில். பாம்பின் மேல் அடிக்கிற எந்த மருந்தும், அது எவ்வளவு விலையானாலும், அந்த மூன்றைத் தொடுவதே இல்லை. முட்டையை இன்னும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேராக அதன் மேலேயே அடித்தாலும் பெரும்பாலான மருந்துக்கு அது அசையாது.

முட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு, வறட்சி. ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் முட்டையும் குஞ்சும் காய்ந்துபோகத் தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டுக் காற்றே மைட்டின் பக்கம் நிற்கும் என்பது நமக்குக் கூடுதல் தொல்லை.

பாம்புக்கு என்ன ஆகிறது

பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு செதில் மூடியிருக்கும். அந்தச் செதிலுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. மைட்டுக்கு அதுதான் விருப்பமான வீடு. கீழ்த்தாடையின் நடுப்பள்ளம், உதட்டோரத்து வெப்பக்குழிகள், கழிவுத் துவாரம் எல்லாம் அடுத்தடுத்து. கண்ணைச் சுற்றி வளையம் வீங்கியதுபோலத் தெரிந்தால் வேறு எதையும் தேடவே வேண்டாம்.

எரிச்சல் தாங்காமல் பாம்பு தண்ணீரில் கிடக்கும், முகத்தை எதிலாவது தேய்க்கும், இரை எடுக்காது, சட்டையைத் துண்டு துண்டாக உரிக்கும். செதில் மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளைப் பொடி தெரிந்தால் அது மைட்டின் எச்சம். குட்டிப் பாம்பாக இருந்தால் இரத்தம் குறைந்தே சாகலாம். உடம்பு சின்னது, குடிக்கிற வாய் ஆயிரம்.

நோய் பரப்புமா என்பதில் இரண்டு தனித்தனிக் கதைகளைக் கலந்துவிடுகிறார்கள். ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியாவை மைட் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் என்பதை அதே கேமின் 1948இலேயே காட்டிவிட்டார். இன்குளூஷன் பாடி நோய் வேறு. மலைப்பாம்பு, போவா இனங்களைக் கொல்லும் அந்த நோய்க்குப் பின்னால் அரீனா வைரஸ் இருப்பது 2012இல் தெரியவந்தது. அந்த நோய் வந்த பண்ணைகளில் மைட்டும் இருந்ததால் மைட் மேல் பலமான சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. சந்தேகமே போதும், இரண்டு பாம்பு வைத்திருப்பவர் மைட்டை அற்ப விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனிதரைக் கடிக்கும், அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். நம் மேல் குடியிருக்காது.

சிகிச்சை: எதற்குப் பின் எது

1. பிரித்து வையுங்கள். மைட் கண்ட பாம்பை வேறு அறைக்கு மாற்றி, அதை எல்லாப் பாம்புக்கும் கடைசியாகக் கவனியுங்கள், கையையும் சட்டைக் கையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரே அறையில் பல பாம்பு இருந்தால், புள்ளி தெரியாதவற்றுக்கும் மைட் இருப்பதாகவே வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒன்றை விட்டால் அங்கிருந்து திரும்பும்.

2. பெட்டியைக் காலி செய்யுங்கள். உள்ளே போட்ட தூளைப் பையில் கட்டி அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். மரக்கட்டை, கார்க் பட்டையின் மேல் ஆசை வேண்டாம், தூக்கி எறியுங்கள். மூங்கில் கூடை, சணல் கயிறு எல்லாம் அதே கணக்கு. பிளாஸ்டிக் பெட்டியைச் சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்து, இடுக்குகளில் கொதிநீர் அல்லது நீராவி விட்டு, வெயிலில் முழுக்கக் காயவைக்கவும். பாம்பு உள்ளே இல்லாதபோதுதான் இது. 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை மைட் தாங்காது, பாம்பும் தாங்காது.

3. பெட்டியை எளிமையாக்குங்கள். வெள்ளை டிஷ்யூ அல்லது அச்சில்லாத வெள்ளைத் தாள், ஒரு பிளாஸ்டிக் ஒளிவிடம், தண்ணீர், அவ்வளவுதான். ஒளிய இடம் குறைகிறது, கறுப்புப் புள்ளி வெள்ளையில் பளிச்சென்று தெரிகிறது, தாளை நாளுக்கொருமுறை மாற்றுவதே ஒரு மருந்து.

4. பாம்பைக் குளிப்பாட்டுங்கள். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியாத அளவு சூடு, உடம்பு மூழ்கும் ஆனால் தலையை எளிதாகத் தூக்கிக்கொள்ளும் ஆழம், இருபது முப்பது நிமிடம், பக்கத்திலேயே ஆள். ஏராளமான மைட் மூழ்கிச் சாகும். மூழ்காத இடம் தலை, மைட்டுகள் அங்கே ஏறிக்கொள்ளும். அதனால் குளியல் மட்டும் தனியாக ஒருபோதும் போதாது, ஆனால் எந்த மருந்துக்கும் முன்னால் கூட்டத்தைக் குறைக்க இதைவிடப் பத்திரமான வழியும் இல்லை.

5. பிறகு மருந்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் சொன்னபடி.

6. அதே மருந்தை, அதே சுத்தத்தோடு, மறுபடியும் மறுபடியும். இடைவெளியை மேலே உள்ள வாழ்க்கைக் கணக்கு சொல்லிவிடும். முதல் நாள் தப்பிய முட்டை நான்கு நாளுக்குள் பொரிந்து, ஒரு வாரத்திலிருந்து முழு மைட்டாகத் தொடங்கும், அதற்குப் பிறகும் சில நாள் குடித்தால்தான் முட்டையிடும். ஆகவே நேரடியாகப் படுகிற மருந்தை ஏழு முதல் பத்து நாளில் திரும்பப் போட்டால் புதுத் தலைமுறை முட்டையிடும் முன் பிடிபடும். மூன்றாவது சுற்று, பட்டினி கிடந்து காத்திருந்தவற்றுக்கு. தினமும் அடித்தால் சீக்கிரம் தீரும் என்று நினைப்பவர்கள் முட்டையை ஒன்றும் செய்வதில்லை, பாம்பின் மேல் விஷத்தைத்தான் ஏற்றுகிறார்கள்.

எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது

பிப்ரோனில். நாய் பூனைக்கு விற்கிற ஸ்ப்ரே. மைட்டின் நரம்பை அடங்கவிடாமல் துடிக்கவைத்துக் கொல்லும். பாம்புக்கென்று அனுமதி பெற்றதல்ல, மருத்துவர்கள் தம் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். அந்த ஸ்ப்ரேயில் ஆல்கஹால் கலந்திருப்பதால் நேராகப் பாம்பின் மேல் அடிக்கக் கூடாது, துணியில் நனைத்து, கண்ணையும் வாயையும் விட்டு, துடைத்தெடுப்பதே முறை.

பெர்மெத்ரின். இதை முக்கியமாகப் பெட்டிக்குப் போடுவார்கள். காலிப் பெட்டியில் அடித்து, முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகே பாம்பு உள்ளே போக வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் அப்போது அங்கே இருக்கக் கூடாது. அளவு முக்கியம் என்பதால் கரப்பான் ஸ்ப்ரேயை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள், அதன் வலிமையும் கரைப்பானும் வேறு. வீட்டில் பூனை இருந்தால் இந்த மருந்தே வேண்டாம் என்பேன், பூனையின் ஈரலால் இதை உடைக்க முடியாது. மீன் தொட்டிக்கும் ஆகாது.

ஐவர்மெக்டின். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி மருந்து பெரும்பாலும் 1 சதவீதம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம், மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்ற வலிமை. பாம்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அரை கிலோ பால் பைத்தானுக்கு 0.1 மில்லிகிராம், அந்தப் புட்டியிலிருந்து எடுத்தால் 0.01 மில்லிலிட்டர். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர். ஆக ‘ஒரே ஒரு சொட்டுதானே’ என்று கொடுப்பவர் ஐந்து மடங்கு கொடுக்கிறார். மருத்துவர் பாம்பை எடைபோட்டு, மருந்தை முறையாக நீர்க்கச் செய்துதான் ஊசி போடுவார். உடம்பில் சில நாள் தங்குவதால் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். ஆமை உள்ள வீட்டில் இந்தப் புட்டியே அபாயம்: ஆமையின் மூளைக்குள் இது எளிதாக நுழைந்து முடக்கிக் கொன்றுவிடும்.

அஃபோக்ஸோலேனர், ஃப்ளூராலேனர் என்று நாய்க்கு உண்ணி மாத்திரையாக வருகிற புது வகையைப் பாம்பிலும் முயன்று நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். இதுவும் மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பது.

ஐரோப்பாவில், வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, மைட்டைத் தின்னும் மைட்டை வாங்கி விடுவது. பசுமைக்குடில் விவசாயத்துக்கு வளர்க்கப்படும் இனங்கள் அவை. பெட்டியின் இடுக்குக்குள் அவையே போய்த் தேடும், இரை தீர்ந்ததும் தாமே செத்துவிடும். இதோடு ரசாயனம் சேர்க்கக் கூடாது, காவல்காரனையும் சேர்த்துக் கொன்றதாகிவிடும்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பூச்சிக்கொல்லிப் பட்டையைப் பெட்டியில் தொங்கவிடச் சொல்லியிருக்கும். அதில் இருப்பது டைக்ளோர்வாஸ், நம் ஊரில் நுவான் என்று விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே விஷம். 2020 டிசம்பர் கடைசியோடு இந்தியாவில் தடை. அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

வேப்பெண்ணெய், கற்பூரம், பினாயில்

எண்ணெய் பட்ட மைட் மூச்சு முட்டிச் சாகும், அது உண்மை. தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ, அந்த வேலையைச் செய்வது பிசுக்குதான். கண்ணோரத்து மைட்டை ஈரப் பஞ்சில் ஒரு துளி எண்ணெய் தொட்டு எடுப்பதில் தப்பில்லை. உடம்பு முழுக்கப் பூசினால் அடுத்த சட்டை உரியாமல் ஒட்டிக்கொள்ளும், பெட்டியில் இருக்கும் முட்டையோ பத்திரமாக இருக்கும்.

கற்பூரம், பாச்சா உருண்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். மூடிய பெட்டியில் அந்த ஆவியை விட்டு எழுந்து போக முடியாத பிராணி பாம்பு ஒன்றுதான். மண்ணெண்ணெய்க்கும் அதே பதில். பினாயில் மைட்டைவிடப் பாம்புக்கு முதலில் கெடுதல் செய்யும், ஊர்வனவற்றுக்கு அந்த வகைக் கிருமிநாசினி ஆகாது.

எப்போது முடிந்தது என்று சொல்லலாம்

கடைசியாக ஒரு மைட்டைக் கண்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள். பட்டினி தாங்கும் காலம், அதன் மேல் ஒரு முழுத் தலைமுறை, இரண்டையும் கூட்டி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்தால் அந்த அளவு வருகிறது. நடுவில் ஒன்று தெரிந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அந்த ஆறு வாரமும் வெள்ளைத் தாள்தான், தினமும் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பார்ப்பதுதான், மூழ்கிய கறுப்புப் புள்ளி அங்கேதான் முதலில் கிடக்கும். உரித்த சட்டையின் கண்செதிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

புதிதாக வருகிற பாம்பை மூன்று மாதம் தனியறையில் வைப்பதைப் பலரும் மிகை என்று நினைக்கிறார்கள். வாங்கிய பெட்டி, துணிப்பை, பாம்பைத் தூக்க இரவல் வாங்கிய கொக்கி, இன்னொருவர் பாம்பைக் கையாண்டுவிட்டு வந்த உங்கள் சட்டை, எல்லாவற்றிலும் அது ஏறி வரும். வேறு இடத்தில் பாம்பைத் தொட்டுவிட்டு வந்தால் உடை மாற்றிக் குளித்துவிட்டு உங்கள் பெட்டியைத் திறங்கள்.

ஆறு வாரம் சுத்தமாகப் போனால் தூளைப் புதிதாக வாங்கிப் போடலாம். பழைய மரக்கட்டையை மனசு வராமல் மொட்டை மாடியில் எடுத்து வைத்திருந்தால், அதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.